'கவனமா எழுதணும்ப்பா' என்பது ஒரு பதிலே இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் கடுப்பில் எழுதுவது. ஏதாவது ஒரு மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்தால் போதும், கூடவே ஒரு அறிவுரையும் வந்துவிடும்: "கோடு எழுதுறவன் கவனமா எழுதியிருக்கணும்." வகுப்பில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. இணையத்தில் இதைச் சொல்லாத மேதாவி கிடையாது. சி மொழி பிறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னமும் இதே பாட்டுதான். இது அறிவுரையே இல்லை, பொறுப்பிலிருந்து நழுவும் வழி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

நம் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு வகைக் கோப்பையும் பிரித்துப் படிக்க ஒரு லைப்ரரி இருக்கிறது. பிஎன்ஜி படத்துக்கு லிப்பிஎன்ஜி. வெப்பி படத்துக்கு லிப்வெப்பி. எழுத்துருவுக்கு ஃப்ரீடைப். எக்ஸ்எம்எல்லுக்கு லிப்எக்ஸ்எம்எல்2. வீடியோவுக்கு எஃப்எஃப்எம்பெக். சுருக்கிய கோப்புக்கு இசட்லிப். எல்லாமே ஓப்பன் சோர்ஸ். எல்லாமே பெரும்பாலும் சி-யில் எழுதியவை. பிரவுசர் செய்பவர்களும் சரி, சாட் ஆப் செய்பவர்களும் சரி, இவற்றை எடுத்து அப்படியே உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் போனில் இவை எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியாது, போன் விற்றவருக்கும் முழுசாகத் தெரியாது.

"எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. இந்த வரியைத் தமிழில்தானே படிக்கிறீர்கள்? 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. ஆனால் கணினியின் சேமிப்பில் 'க' முதலில், உயிர்க்குறி அதற்குப் பிறகு. இதைச் சரியான வரிசையில் அடுக்கிக் காட்டுகிற வேலையை குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி செய்கிறது. சி++ மொழியில் எழுதியது. எழுத்துருவும் ஒரு கோப்புதான். அதை இணையப்பக்கமே அனுப்பி வைக்கலாம். ஆக, தமிழ் படிப்பதற்கே நாம் முன்பின் தெரியாத ஒருவரின் கோப்பை ஒரு பார்சரின் கையில் கொடுக்கிறோம்.

பத்து இலையும் நாற்பது விருந்தாளியும்

பிரச்சினை எங்கே வருகிறது என்று கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் போன் செய்து "நாங்க பத்து பேர் வர்றோம்" என்கிறார். நம்பிப் பத்து இலை போடுகிறோம். வந்து இறங்குவது நாற்பது பேர். ஒழுங்கான மண்டபம் என்றால் பதினோராவது ஆளை வாசலிலேயே நிறுத்துவார்கள். சி மொழி மண்டபத்தில் வாசலில் ஆளே கிடையாது. பதினோராவது ஆள் பக்கத்துப் பந்தியில் வேறு யாருக்கோ போட்ட இலையில் உட்கார்வார். இருபதாவது ஆள் சமையல்கட்டுக்குள் நுழைவார். முப்பதாவது ஆள் தலைமைச் சமையல்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து "அடுத்து என்ன செய்யணும்னு நான் சொல்றேன்" என்பார். அவ்வளவுதான், மண்டபம் அவர் கையில்.

பஃபர் ஓவர்ஃப்ளோ என்பது இதுதான். கோப்பு "என் அளவு இவ்வளவு" என்று சொல்கிறது. பார்சர் அதை நம்பி மெமரி ஒதுக்குகிறது. உள்ளே இருப்பது அதைவிட அதிகம்.

"அளவைச் சரிபார்த்தால் போச்சு, இது ஒரு விஷயமா?" என்பீர்கள். ஒரு கணக்கு போடுங்கள். ஒரு படத்தின் அகலம் 32768, உயரம் 32768, ஒரு புள்ளிக்கு 4 பைட். மூன்றையும் பெருக்கினால் 4,294,967,296. அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கு. 32 பிட் எண்ணில் இதை வைத்தால் என்ன கிடைக்கும்? சைபர்! அகலமும் தப்பில்லை, உயரமும் தப்பில்லை, பெருக்கல் மட்டும் சத்தமில்லாமல் ஏமாற்றிவிட்டது. சைபர் இலை போட்டுவிட்டு நானூறு கோடிப் பேரை வரவேற்கிறோம். "சரிபார்த்தேன்" என்று சொல்லும் கோடிலும் இந்தப் பெருக்கல் இருக்கலாம். அதுதான் கொடுமை.

நடந்த கதைகள்

கற்பனை செய்து பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் கீழே இருப்பதைப் படியுங்கள்.

2015-இல் ஸ்டேஜ்ஃப்ரைட். ஆண்ட்ராய்டில் எம்பி4 வீடியோவைப் பிரிக்கும் லைப்ரரி. அதில் மேலே சொன்ன மாதிரி எண் நிரம்பி வழியும் பிழைகள் வரிசையாகக் கிடைத்தன. ஒரு எம்எம்எஸ் அனுப்பினால் போதும், வாங்கியவர் அதைத் திறக்கக்கூட வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் என்ற ஏற்பாடே இதற்கப்புறம்தான் வந்தது.

2020 அக்டோபரில் ஃப்ரீடைப். எழுத்துருவுக்குள் பிஎன்ஜி படத்தை வைக்கலாம். படத்தின் அகலமும் உயரமும் கோப்பில் 32 பிட் எண்கள். ஃப்ரீடைப் அவற்றை 16 பிட்டாக வெட்டி அந்த அளவுக்கு மெமரி ஒதுக்கியது. லிப்பிஎன்ஜியோ முழு அளவுக்கு எழுதியது. இருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள், இடையில் நடந்த ஒரு 'வெட்டு' காலை வாரிவிட்டது. இது வெளியே தெரிவதற்கு முன்பே இதை வைத்துத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. 2025 மார்ச்சில் அதே ஃப்ரீடைப், அதே மாதிரி இன்னொரு எண் குழப்பம். இதையும் யாரோ பயன்படுத்தியிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடுதான் செய்தி வந்தது.

2021-இல் நடந்ததைப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஸ்கேனர், ஜெராக்ஸ் மெஷின்களில் கறுப்பு வெள்ளைப் பக்கத்தைச் சுருக்க ஜேபிக்2 என்று ஒரு பழைய முறை உண்டு. எக்ஸ்பிடிஎஃப் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் இருந்த அதன் டிகோடரை ஆப்பிள் எடுத்துப் பயன்படுத்தியிருந்தது. அதில் ஒரு கூட்டலில் எண் வழிந்தது. என்எஸ்ஓ என்ற இஸ்ரேலிய உளவு மென்பொருள் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ஜிஃப் என்று பெயர் வைத்த ஒரு பிடிஎஃப் கோப்பு. அதற்குள் 70,000-க்கும் மேற்பட்ட ஜேபிக்2 கட்டளைகள். அவற்றைத் தர்க்கக் கதவுகளாக அடுக்கி, படத்தைப் பிரிக்கும் வேலைக்குள்ளேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கட்டிவிட்டார்கள். கூட்டும் சுற்று, ஒப்பிடும் சுற்று எல்லாம் உண்டு. நாம் டிஜிட்டல் லேபில் ஒரு ஆடர் கட்டவே மூன்று மணி நேரம் முக்குகிறோம்! அந்தக் கோப்பு கிடைத்தது ஒரு சவூதி செயற்பாட்டாளரின் ஐபோனில்.

2023 செப்டம்பரில் லிப்வெப்பி. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் வாதமே இதன் மேல்தான் நிற்கிறது. வெப்பி தரமிழக்காச் சுருக்கத்தில் ஹஃப்மன் குறியீடு உண்டு. (டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதேதான்.) ஒவ்வொரு குறியீட்டின் நீளமும் கோப்பிலேயே இருக்கும். அதை வைத்து டிகோடர் ஒரு அட்டவணை கட்டும். அட்டவணை அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகும் என்று எழுதியவர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சும்மா குத்துமதிப்பு இல்லை, நிரல் எழுதித் தேடிக் கண்டுபிடித்த சரியான எண். ஆனால் அந்தக் கணக்கு ஒழுங்கான ஹஃப்மன் மரங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். தாக்குபவர் ஒழுங்கில்லாத மரத்தைக் கொடுத்தால்? மரம் ஒழுங்கா இல்லையா என்ற சோதனை அட்டவணையை நிரப்பிய பிறகுதான் வருகிறது. அதற்குள் எழுத்து எல்லையைத் தாண்டிவிட்டது.

டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், வாஷிங்டனில் உள்ள ஒரு சமூக அமைப்பின் ஊழியருடைய ஐபோனில் பெகாசஸ் நுழைய முயன்ற தடயத்தைப் பிடித்தது. ஆப்பிள் செப்டம்பர் 7 அன்று திருத்தம் வெளியிட்டது. குரோம் 11 அன்று. ஃபயர்ஃபாக்ஸ் 12 அன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிழைக்கு முதலில் கொடுத்த எண், அது குரோமின் பிழை என்றுதான் சொன்னது. லிப்வெப்பியை உள்ளே வைத்திருக்கும் மற்ற மென்பொருள்காரர்கள் பலருக்கு "நம்ம வீட்டிலும் இதே ஓட்டைதான்" என்று புரியவே நாளானது. செப்டம்பர் 25 வாக்கில்தான் லைப்ரரியின் பேரிலேயே தனி எண் கொடுத்தார்கள், பிறகு அதுவும் பழைய எண்ணின் நகல் என்று ரத்தானது. நல்ல நிர்வாகம்!

இப்போது சொல்லுங்கள், யார் கவனமாக இல்லை?

லிப்வெப்பியை எழுதியவர்கள் கூகிளில் வேலை செய்பவர்கள். கணக்குப் போட்டு எழுதினார்கள். கோடு பொதுவில் இருந்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூகிளே 2016-இல் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் என்ற திட்டம், கன்னாபின்னாவென்று கோப்புகளைத் தயாரித்து இரவும் பகலும் அதற்குள் தள்ளிச் சோதித்தது. அப்படியும் இந்தப் பிழை சிக்கவில்லை, ஏனென்றால் அந்தக் குறிப்பிட்ட ஒழுங்கற்ற மரம் தற்செயலாக அமைவது அவ்வளவு கடினம். எதிராளி தற்செயலை நம்பி உட்காரவில்லை, யோசித்து எழுதினான்.

இதற்கு மேல் என்ன கவனம் வேண்டும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் ஊரில் ஒரு காரணமாகத்தான் சொல்லி வைத்தார்கள். சறுக்கினால் உயிர் போகும் இடத்தில் கைப்பிடிச் சுவர் கட்டாமல் "பார்த்து நடங்க" என்று போர்டு மாட்டுபவரை என்னவென்று சொல்வது?

எண்களைப் பாருங்கள். தங்கள் மென்பொருளில் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி தொடர்பானவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. குரோமின் தீவிரமான பாதுகாப்புப் பிழைகளிலும் சுமார் 70 சதவீதம் என்று கூகிள் 2020-இல் சொன்னது. உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் நிரலாளர்கள் இருக்கும் இரண்டு இடங்கள். இவர்களுக்கே கவனம் போதவில்லை என்றால் கோளாறு கவனத்தில் இல்லை, கருவியில்.

வழக்கமான மூன்று மறுப்புகள்

"ஓப்பன் சோர்ஸ்னாலே இப்படித்தான்." தவறு. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்து வந்தால் ஐபோனில் ஆப்கள் படுத்துவிட்டன, ஞாபகம் இருக்கிறதா? அது ஆப்பிளின் சொந்த, மூடிய கோடு. எழுத்தை வரையும் இடத்தில் மெமரி கெட்டது. திறந்திருப்பதால் ஓட்டை வருவதில்லை. திறந்திருந்தால் ஓட்டை தானாக அடைபடுவதும் இல்லை. நிறையப் பேர் பார்க்க முடியும் என்பது வேறு, நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்பது வேறு. ஹஃப்மன் அட்டவணை கட்டும் கோடைப் பொழுதுபோக்குக்குப் படித்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

"சி மாதிரி வேகம் வராது." ரஸ்டில் எழுதிய பிஎன்ஜி டிகோடர்கள் லிப்பிஎன்ஜியை முந்துகின்றன என்று 2024-இல் அளந்தே காட்டிவிட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2016-இலேயே எம்பி4 பிரிக்கும் பகுதியை ரஸ்டுக்கு மாற்றியது. உலகம் இடிந்து விழவில்லை. 2025-இல் குரோம் 133 பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு, லினக்ஸ், குரோம்ஓஎஸ் மூன்றிலும் இணைய எழுத்துருக்களுக்கு ஃப்ரீடைப்பை எடுத்துவிட்டு ஸ்க்ரிஃபா என்ற ரஸ்ட் லைப்ரரியை வைத்தார்கள். நீங்களோ நானோ வித்தியாசத்தைக் கவனித்தோமா?

"இருக்கிற கோடை எல்லாம் திரும்ப எழுத முடியுமா?" இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. முடியாதுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதும் இல்லை. ஆண்ட்ராய்டில் புதிதாக எழுதும் கோடை மெமரி பாதுகாப்புள்ள மொழிகளுக்குத் திருப்பினார்கள். பழையதை அப்படியே விட்டு, பிழைகளை மட்டும் சரிசெய்துகொண்டு வந்தார்கள். பாதுகாப்புப் பிழைகளில் மெமரி பிழைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதம், 2024-இல் 24 சதவீதம். மாற்ற முடியாத லைப்ரரியைக் கூண்டுக்குள் அடைக்கலாம். 2021 டிசம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 95 இதைத்தான் செய்தது. சில எழுத்துரு, ஒலி லைப்ரரிகளை வெப்அசெம்பிளி வழியாகக் கம்பைல் செய்து, தங்கள் எல்லைக்கு வெளியே கை நீட்ட முடியாதபடி கட்டிப்போட்டது. கோடு அதேதான். வழிந்தாலும் கூண்டுக்குள்ளேயே வழியட்டும்!

ரஸ்டில் எழுதினால் பிழையே வராதா? வரும். ஆனால் அங்கே எல்லையைத் தாண்டினால் நிரல் நின்றுவிடும். நின்றுபோவது எரிச்சல். போன் வேறொருவன் கைக்குப் போவது ஆபத்து. இரண்டும் ஒன்றில்லை.

ஊரான் வீட்டு நெய்யே...

இனிமேல்தான் எனக்கு உண்மையான கோபம். லிப்எக்ஸ்எம்எல்2 ஆப்பிளின் இயங்குதளங்களிலும் குரோமிலும் இன்னும் எண்ணற்ற இடங்களிலும் இருக்கிறது. அதைப் பராமரித்துவந்தவர் சம்பளம் இல்லாத ஒரு தன்னார்வலர். வாரத்தில் பல மணி நேரம் பாதுகாப்புப் புகார்களுக்கே போகிறது, இனிமேல் ரகசியக் கெடுவெல்லாம் கிடையாது, பாதுகாப்புப் பிழையையும் மற்றப் பிழைகளைப் போலவே நேரம் கிடைக்கும்போது பார்ப்பேன் என்று 2025 ஜூனில் சொன்னார். அதே ஆண்டில் பராமரிப்பிலிருந்தே விலகுவதாகவும் அறிவித்தார். அவரைக் குறை சொல்லச் சிலர் கிளம்பினார்கள். ஏன் ஐயா, லட்சம் கோடிக் கணக்கில் சம்பாதிக்கிறவன் ஓசியில் எடுத்துக்கொண்டு, ஓசியில் வேலை செய்கிறவனுக்குக் கெடு வைப்பதா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அதே 2025-இல் எஃப்எஃப்எம்பெக் பக்கமும் இதே சண்டை. கூகிளின் செயற்கை நுண்ணறிவு ஒரு மெமரி பிழையைக் கண்டுபிடித்தது. 1995-இல் வந்த ஒரு வீடியோ கேமின் காட்சிகளைப் பிரிக்கும் பகுதியில். தன்னார்வலர்கள் கேட்டது நியாயமான கேள்வி: கண்டுபிடிக்க இயந்திரம் இருக்கிறதே, திருத்தம் எழுதி அனுப்ப ஆள் இல்லையா? இல்லாவிட்டால் காசாவது கொடுக்கலாமே? "பிழையை மறைக்கச் சொல்றீங்களா?" என்று எதிர்வாதம். மறைக்கச் சொல்லவில்லை. உளவு நிறுவனம் தேடுவதற்கு முன் நாம் கண்டுபிடிப்பது நல்லதுதான். ஆனால் மருத்துவமனையே இல்லாத ஊரில் வீடு வீடாகப் போய் "உங்களுக்கு இந்த நோய்" என்று சீட்டு மட்டும் கொடுத்துவிட்டுப் போவது சேவை இல்லை. இனி இயந்திரங்கள் பிழைகளைக் குவியல் குவியலாகக் கொண்டுவரும். அள்ளுவதற்கு அதே நாலு பேர்தான் என்றால் என்ன ஆகும்?

அதனால்தான் சொல்கிறேன், "கவனமா எழுதணும்" என்ற வாக்கியம் வெறும் மொக்கை அறிவுரை மட்டும் இல்லை, அது அநியாயம். செலவு செய்ய வேண்டியவனை விட்டுவிட்டு இலவசமாக உழைத்தவன் தலையில் பழியைப் போடுகிறது.

நம்ம பங்கு

நம் வகுப்பறையும் சும்மா இல்லை. 1988-இல் மோரிஸ் புழு இணையத்தில் பரவியதே, அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று 'கெட்ஸ்' என்ற சி ஃபங்ஷன். எவ்வளவு எழுத்து வரும் என்று கேட்காமலேயே வாங்கிக்கொள்ளும் புண்ணியவான். 2011-இல் சி மொழியின் தரநிலையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டார்கள். நாம் லேபில் அதை இன்னமும் ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். ஹஃப்மன் மரத்தைப் பதினாறு மார்க்குக்கு வரைகிறோம். "தப்பான மரம் உள்ளே வந்தால்?" என்ற கேள்வி மட்டும் இன்றுவரை ஒரு வினாத்தாளிலும் என் கண்ணில் படவில்லை.

சி படிக்க வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். மெமரி என்றால் என்ன என்று தெரிய அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நீச்சல் கற்றுக்கொள்வது வேறு, ஊர்க்காரர்களை எல்லாம் நீந்தியே ஆற்றைக் கடக்கச் சொல்வது வேறு.

குரோமியம் குழு ஒரு எளிய விதி வைத்திருக்கிறது. நம்பத்தகாத உள்ளீடு, பாதுகாப்பில்லாத மொழி, கூண்டில் அடைக்காத அதிகாரம். இந்த மூன்றில் அதிகபட்சம் இரண்டைத்தான் சேர்க்கலாம், மூன்றும் ஒன்றுசேரக் கூடாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்யும் மக்களே, உங்கள் ஆப்பில் "படத்தை அப்லோட் பண்ணு" என்று ஒரு பட்டன் இருந்தால் உள்ளீடு நம்பத்தகாதது, அந்தக் கட்டம் முடிந்தது. மிச்ச இரண்டில் ஒன்றையாவது கைவிடுங்கள். புதிதாக ஒரு பார்சர் எழுதப் போகிறீர்களா? தயவு செய்து சி-யில் வேண்டாம். வேறொருவரின் லைப்ரரியில் பிழை கண்டுபிடித்தீர்களா? திருத்தத்தையும் எழுதி அனுப்புங்கள், ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ள அதுவும் உதவும். நாளைக்கு ஒரு கம்பெனியில் உட்கார்ந்து இலவச லைப்ரரி ஒன்றை இழுத்துப்போடும்போது, அதை யார் பராமரிக்கிறார்கள், அவருக்கு யாராவது காசு கொடுக்கிறார்களா என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஓட்டை வந்த பிறகு ஒட்டுப் போடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. ஒட்டு வரும்வரை யாரோ ஒரு பத்திரிகையாளரின், செயற்பாட்டாளரின் போன் திறந்து கிடக்கிறது. அவர் எந்தச் சுட்டியையும் அழுத்தவில்லை, எந்த ஆப்பையும் இறக்கவில்லை. அவருக்கு ஒரு படம் வந்தது, அவ்வளவுதான். அவரிடம் போய் "எழுதினவன் கவனமா எழுதியிருக்கணும் சார்" என்று சொல்லிப் பாருங்கள், அது பதிலா இல்லையா என்று தெரியும்.